ஈவார் குரூகர்

ஈவார் குரூகர் (மார்ச் 2, 1880 - மார்ச் 12, 1932) சுவீடன் நாட்டைச் சேர்ந்த பொறியாளரும் தொழிலதிபரும் நிதியாளரும் ஆவார். உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்டதைத் தமது கட்டுப்பாட்டில் வைத்திருந்ததால் இவர் தீக்குச்சி மன்னர் என்று அழைக்கப்பட்டார். பணமுடையில் இருந்த அரசுகளுக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அந்நாடுகளில் தீப்பெட்டித் தனியுரிமையைப் பெற்றது இவரது வணிக முறையாகும். 1932 இல் இவர் இறந்தபின், இவரது நிறுவனங்களின் கணக்குகளில் பெரும் மோசடி நடந்திருந்தது வெளியாயிற்று.

இவரது நிறுவனத்தின் இந்தியக் கிளையே விம்கோ என்று அறியப்படும் மேற்கிந்தியத் தீப்பெட்டி நிறுவனம் ஆகும். சென்னை திருவொற்றியூரை அடுத்த விம்கோ நகர் அந்நிறுவனத்தின் பெயரால் அமைந்தது. பல நாடுகளில் போட்டியாளர்களை விலைக்கு வாங்கியோ விலையைக் குறைத்தோ அகற்றிய இந்நிறுவனக் குழுமத்தால், தமிழ்நாட்டில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆகிய கரிசல் பகுதிகளில் கையால் தீப்பெட்டி செய்த சிறு தொழிலகங்களை அகற்ற இயலவில்லை.

இளமை

குரூகர் சுவீடனின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள கால்மர் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் குரூகர் அப்பகுதியில் சில தீப்பெட்டித் தொழிலகங்களை நடத்தி வந்தார். ஸ்டாக்ஹோமில் உள்ள அரச தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்ற ஈவார், தமது 20 ஆவது அகவையில் பட்டம் பெற்றார்.

அதன்பின் சுமார் ஏழு ஆண்டுகள் வெளிநாடுகளில் கழித்தார். அமெரிக்க ஐக்கிய நாடுகள், மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் கட்டுமானப் பொறியாளராகப் பணியாற்றினார். நியூயார்க்கில் உயர்ந்த கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. இரும்புக் கம்பிகளால் வலுவூட்டப்பட்ட கற்காரைக் கட்டுமான முறையை அங்குக் கற்றுக்கொண்ட இவர், அம்முறையைச் சுவீடனில் பயன்படுத்தும் உரிமையுடன் 1907 இல் தாயகம் திரும்பினார்.

கட்டடத் தொழில்

1908 இல் பால் டோல் என்ற பொறியாளருடன் சேர்ந்து குரூகர் - டோல் என்னும் கட்டுமான நிறுவனத்தைத் தொடங்கினார். குறித்த நாளுக்குள் கட்டடத்தை முடித்துத் தருவதாகவும், காலம் தாழ்ந்தால் இழப்பீடு தருவதாகவும் ஒப்பந்தம் செய்துகொண்டது இந்நிறுவனத்தின் புகழுக்குக் காரணமாயிற்று. 1912 ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகளுக்கான ஸ்டாக்ஹோம் விளையாட்டரங்கம் இந்நிறுவனம் கட்டியவற்றுள் ஒன்றாகும். பின்னர் கட்டுமானப் பணியைத் டோல் கவனித்துக்கொள்ள, குரூகர் நிதித்துறையிலும் குடும்பத் தொழிலான தீப்பெட்டியிலும் கவனம் செலுத்தினார்.

தீப்பெட்டித் தொழிலில் நுழைவு

சுவீடன் தீக்குச்சி

பெட்டியின் பக்கத்தில் உரசினால் மட்டுமே பற்றும் பாதுகாப்புத் தீக்குச்சி சுவீடனில் உருவான ஒன்றாகும். நச்சுத்தன்மை மிகுந்த வெள்ளைப் பாசுபரசுக்கு மாற்றாகச் சிவப்புப் பாசுபரசைப் பயன்படுத்தி, அதனைக் குச்சியின் தலையில் வைக்காமல் பெட்டியின் பக்கத்தில் பூசும் முறைக்கு குஸ்டாஃப் எரிக் பாஷ் 1844 இல் காப்புரிமை பெற்றார். இதனைப் பெருமளவில் செய்து விற்றவர்கள் யோன்செப்பிங் நகரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறப்புகள் ஆவர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவீடன் தீப்பெட்டி உலகெங்கும் ஏற்றுமதியானது.

நிறுவனங்களின் இணைப்பு

முதல் உலகப்போருக்குச் சற்று முன், யோன்செப்பிங் நிறுவனத்தின் போட்டியால் குரூகர் குடும்பத்தின் தொழிலகங்கள் நெருக்கடிக்கு உள்ளாயின. 1913 இல் ஈவார் குரூகர் சிறிய தொழிலகங்கள் பலவற்றை ஒரே நிறுவனமாக இணைத்தார். போர்க்காலத்தில் மூலப்பொருள்கள் கிடைப்பது அரிதானபோது, அவற்றைச் செய்யும் தொழிலகங்களையும் வாங்கித் தம் வசமாக்கினார். 1917 இல் யோன்செப்பிங் நிறுவனமும் இவருடன் இணைய, சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் உருவாயிற்று. நாட்டின் தீப்பெட்டித் தொழில் ஏறத்தாழ முழுவதும் ஒரே கைக்கு வந்தது.

சிகரெட்டும் தீக்குச்சியும்

தீக்குச்சியின் தேவை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகுந்ததற்குச் சிகரெட்டுப் பழக்கம் ஒரு முதன்மைக் காரணமாகும். இயந்திரத்தால் செய்யப்பட்ட சிகரெட்டை உலகெங்கும் பரப்பியவர்களுள் முன்னோடி அமெரிக்கரான ஜேம்ஸ் புக்கானன் டியூக் ஆவார். அவரது நிறுவனமும் இங்கிலாந்தின் இம்பீரியல் புகையிலை நிறுவனமும் சேர்ந்து, தங்கள் தாய்நாடுகளுக்கு வெளியே உள்ள சந்தைகளுக்காக 1902 இல் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தைத் தொடங்கின. சிகரெட்டு சென்ற இடமெல்லாம் தீக்குச்சியும் செல்ல வேண்டியிருந்தது. போட்டியாளர்களை இணைத்தல், வெளிநாடுகளில் தொழிலகம் அமைத்தல், வரி மிகுந்த நாட்டில் உள்நாட்டு நிறுவனமாகப் பதிந்துகொள்ளுதல் ஆகிய வழிகள் இரு வணிகங்களுக்கும் பொதுவாக இருந்தன.

ஒரே தீக்குச்சியில் மூவர் சிகரெட்டுப் பற்றவைப்பது தீய நிமித்தம் என்னும் நம்பிக்கை மேலைநாடுகளில் உண்டு. தீக்குச்சி விற்பனையைப் பெருக்கக் குரூகரே இதனைப் பரப்பினார் என்று கூறப்படுவது உண்டு. இதற்குச் சான்று இல்லை. இவர் உலகப் புகழ் அடைவதற்கு முன்பே, முதல் உலகப்போர்க் காலத்திலேயே போர்வீரர்களிடையே இந்நம்பிக்கை வழங்கி வந்தது.

கடனும் தனியுரிமையும்

முதல் உலகப்போருக்குப் பின் ஐரோப்பிய அரசுகள் பல பணமின்றித் தவித்தன. குரூகர் அமெரிக்க முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி அவ்வரசுகளுக்குக் கடனாக வழங்கினார். இதற்காக 1923 இல் பன்னாட்டுத் தீப்பெட்டிக் கூட்டு நிறுவனம் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. கடன்பெற்ற அரசு, தன் நாட்டில் தீப்பெட்டி செய்து விற்கும் தனியுரிமையைப் பல ஆண்டுகளுக்கு இவரது நிறுவனத்திற்கு அளித்தது. அரசுக்குக் குறைந்த வட்டியில் பணமும், குரூகருக்குப் போட்டியில்லாச் சந்தையும் கிடைத்தன. உயர்ந்த விலையைத் தீப்பெட்டி வாங்கிய பொதுமக்கள் கொடுத்தனர்.

போலந்து 1925 இல் இவ்வகை ஒப்பந்தம் செய்துகொண்டது. 1927 இல் பிரான்சு 7.5 கோடி டாலர் கடன் பெற்றது. 1929 இல் செருமனிக்கு 12.5 கோடி டாலர் கடன் வழங்க ஒப்பந்தமாயிற்று. செருமனியில் இதனால் ஏற்பட்ட தனியுரிமை, கடன் முழுவதும் திருப்பிச் செலுத்தப்பட்ட பின் 1983 இல்தான் முடிவுக்கு வந்தது. கிரேக்கம், அங்கேரி, யுகோசுலாவியா, ருமேனியா, லாத்வியா, எசுத்தோனியா, துருக்கி, ஈக்குவடோர், பெரு முதலிய நாடுகளும் இவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டன.

தீப்பெட்டிக்கு அப்பாலும் இவரது முதலீடுகள் விரிந்தன. எரிக்சன் தொலைபேசி நிறுவனம், போலிடன் சுரங்கம், மரக்கூழ் ஆலைகள், திரைப்பட நிறுவனம் ஆகியவற்றில் இவருக்குப் பங்கு இருந்தது. 1928 இல் ஸ்டாக்ஹோமில் தமது தலைமையகமாகத் தீக்குச்சி மாளிகையைக் கட்டினார். 1929 அக்டோபரில், பங்குச்சந்தை வீழ்ச்சியடைந்த அதே வாரத்தில், டைம் இதழின் அட்டையில் இவரது படம் வெளிவந்தது. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

வீழ்ச்சியும் மறைவும்

முதலீட்டாளர்களுக்கு உயர்ந்த பங்காதாயம் கொடுத்து வந்ததே குரூகரின் மதிப்புக்கு அடிப்படையாக இருந்தது. ஆனால் அதன் ஒரு பகுதி தொழிலின் ஈட்டத்திலிருந்து அன்றி, புதிதாகத் திரட்டிய பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. பல நாடுகளில் நூற்றுக்கணக்கான துணை நிறுவனங்கள் இருந்தமையால் முழுக் கணக்கையும் இவரைத் தவிர எவரும் அறிந்திருக்கவில்லை. மிகக் குறைந்த வாக்குரிமை கொண்ட பங்குகளை வெளியிட்டதால் பணம் பிறருடையதாகவும் அதிகாரம் இவருடையதாகவும் இருந்தது.

1929 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் புதிய பணம் திரட்டுவது கடினமாயிற்று. இக்காலத்தில் இத்தாலிய அரசின் பெயரில் இரண்டு கோடிப் பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள பத்திரங்களை இவர் போலியாக அச்சிட்டு, தாமே கையொப்பமும் இட்டு வைத்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. 1932 இன் தொடக்கத்தில், எரிக்சன் பங்குகளை வாங்கியிருந்த அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் கணக்குகளில் ஐயம் கொண்டு ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்டது. மார்ச் 12, 1932 அன்று பாரிசில் உள்ள தமது குடியிருப்பில் குரூகர் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். இது தற்கொலை என்று காவல்துறை முடிவு செய்தது. இவரது தம்பி டோர்ஸ்டன் குரூகர் இது கொலை என வாதிட்டு வந்தார். எனினும் அக்கூற்று பொதுவாக ஏற்கப்படவில்லை.

பின்விளைவுகள்

குரூகர் - டோல் நிறுவனமும் அமெரிக்காவின் பன்னாட்டுத் தீப்பெட்டிக் கூட்டு நிறுவனமும் நொடித்துப்போயின. சிறு முதலீட்டாளர் பலர் தம் சேமிப்பை இழந்தனர். குரூகரிடமிருந்து நன்கொடை பெற்றது வெளியானதால் சுவீடன் பிரதமர் கார்ல் குஸ்டாஃப் எக்மன் 1932 ஆகஸ்டில் பதவி விலகினார். பங்குகளை வெளியிடும் நிறுவனம் தன் உண்மை நிலையை முதலீட்டாளருக்குத் தெரிவிக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்திய அமெரிக்காவின் 1933 ஆம் ஆண்டுப் பத்திரச் சட்டம் உருவாவதற்கு இவரது வீழ்ச்சியும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1935 இல் வெளியிட்ட புதினம் ஒன்றின் தொழிலதிபர் பாத்திரம் குரூகரைத் தழுவியது ஆகும்.

உண்மையான தொழிலகங்களைக் கொண்டிருந்த சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டுத் தொடர்ந்து இயங்கியது. அதன் இந்தியக் கிளையும் தொடர்ந்தது.

இந்தியாவில்

சுங்க வரியும் விம்கோவும்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் விற்ற தீப்பெட்டிகள் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் சப்பானிலிருந்தும் வந்தவை. 1922 இல் பிரித்தானிய இந்திய அரசு தன் வருவாய்க்காக, இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கான சுங்க வரியை ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. வரி பொருளின் விலையையே விஞ்சியது. இதனால் வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பது கட்டுப்படியாகாமல் போயிற்று.

குரூகரின் நிறுவனம் இதற்கு எளிய விடை கண்டது. 1923 இல் விம்கோவைத் தொடங்கி, வரிச்சுவருக்கு உள்ளேயே தொழிலகங்களை அமைத்தது. பம்பாயை அடுத்த அம்பர்நாத்தில் முதல் தொழிலகம் எழுந்தது. பின்னர் கல்கத்தா, பரேலி, சென்னை திருவொற்றியூர் ஆகிய இடங்களிலும் தொழிலகங்கள் இயங்கின. இவை இயந்திரங்களால் குச்சி வெட்டி, மருந்து முக்கி, பெட்டியில் அடைக்கும் பெரிய ஆலைகள் ஆகும்.

வெளிநாட்டு நிறுவனம் விலையைக் குறைத்துத் தங்களை நசுக்குகிறது என்று இந்திய உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். இந்தியச் சுங்கவரிக் குழு இதனை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைப்படி 1928 இல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, இறக்குமதி வரி நிலைபெற்றது. ஆனால் இந்தியாவுக்குள்ளேயே தொழிலகம் வைத்திருந்த விம்கோவை அந்த வரி தொடவில்லை.

கரிசல் பகுதியின் கைத்தீப்பெட்டி

அதே 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் தொடங்கிய தொழில் சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை எனப் பரவியது.

இப்பகுதி கரிசல் மண்ணாலான வறண்ட நிலமாகும். ஆற்றுப் பாசனம் இல்லை. கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள எப்போதும்வென்றான் போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், மல்லி ஆகியவை விளைகின்றன. மழை பொய்த்தால் அந்த ஆண்டு முழுவதும் வேலை இல்லை. மழை பெய்தாலும் அறுவடைக்குப் பின் பல மாதங்கள் வேலை இல்லை. வேளாண்மைக்குக் கேடான இந்த வறட்சி தீப்பெட்டிக்கு நன்மையாக அமைந்தது. மருந்து முக்கிய குச்சியும் ஒட்டிய பெட்டியும் விரைவில் உலர்ந்தன. குறைந்த கூலிக்கு ஆட்களும் கிடைத்தனர்.

கைத்தொழில் முறையில் வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கேரளத்திலிருந்து வந்த மென்மரத்தைச் சீவிக் குச்சியாக்குவது ஓரிடத்தில் நடந்தது. குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்குவது கட்டை அடுக்குதல் எனப்பட்டது. அடுக்கிய கட்டையை மெழுகிலும், பின்னர்ப் பொட்டாசியம் குளோரேட்டு முதலியவை கலந்த மருந்திலும் முக்கினர். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பப்பட்டது. பெண்கள் சமையலுக்கும் காட்டு வேலைக்கும் இடையே அதனைச் செய்தனர். உலர்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைத்து, பக்க மருந்து பூசி, ஒட்டுப்படம் ஒட்டி, 600 பெட்டிகள் கொண்ட பண்டலாகக் கட்டினர். ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கைக் கணக்கில் கூலி தரப்பட்டது.

குரூகரின் முறையால் இதனை வெல்ல முடியாமற் போனதற்குக் காரணங்கள் உண்டு. கடனுக்கு ஈடாகத் தனியுரிமை தரும் நிலையில் பிரித்தானிய இந்திய அரசு இல்லை. விலைக்கு வாங்கி மூடுவதற்குப் பெரிய ஆலை எதுவும் இங்கு இல்லை. ஒரு கூடம் மூடினால் அடுத்த ஊரில் மற்றொன்று சிறு முதலில் தொடங்கக் கூடியதாக இருந்தது. விலையைக் குறைத்தாலும், இயந்திரத்தை விடக் குறைந்த செலவில் வேலை செய்யும் கைகள் கரிசல் ஊர்களில் இருந்தன.

1934 இல் உள்நாட்டில் செய்யப்படும் தீப்பெட்டிகளுக்கும் கலால் வரி விதிக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், இயந்திர ஆலைகளை விடக் கைத்தொழில் கூடங்களுக்கு இவ்வரி குறைவாக வைக்கப்பட்டது. இதன்பின் விம்கோவின் சந்தைப் பங்கு தொடர்ந்து சுருங்கியது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆகிய பகுதிகள் இந்தியத் தீப்பெட்டியின் முதன்மை இடமாயின. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா முதலிய இடங்களுக்கு ஏற்றுமதியும் வளர்ந்தது.

வெற்றியின் விலை

இயந்திரத்தை வென்ற இந்தக் கைகளில் பல சிறுவர் சிறுமியருடையவை. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி அடைப்பதற்கும் சிறிய விரல்கள் ஏற்றவை எனக் கருதப்பட்டது. விடியும் முன்பே தொழிலகப் பேருந்துகள் ஊர்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. 1980களில் இது நாடு முழுவதும் பேசப்பட்டது. 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 அகவைக்கு உட்பட்டோரைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலகங்களில் பணியமர்த்துவதைத் தடை செய்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் டிசம்பர் 10, 1996 அன்று வழங்கிய தீர்ப்பில், சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளித்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. குழந்தைகளின் கல்வி பெருகியதும் கூலி உயர்ந்ததும் கோவில்பட்டிப் பகுதியில் இயந்திரங்கள் வருவதற்கு வழிவகுத்தன.

பிற்காலம்

குரூகர் நிறுவிய சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் பின்னர்ப் புகையிலைப் பொருள்களில் மிகுந்த ஈடுபாடு கொண்டது. அது விம்கோவில் தனக்கிருந்த பங்குகளை 2005 இல் ஐடிசி நிறுவனத்தின் துணை நிறுவனத்திற்கு விற்றது. ஐடிசி என்பது, 1910 இல் இம்பீரியல் புகையிலை நிறுவனம் என்ற பெயரில் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட, இந்தியாவின் மிகப்பெரிய சிகரெட்டு நிறுவனமாகும். சுவீடன் தாய் நிறுவனத்தையும் 2022 இல் பிலிப் மோரிசு பன்னாட்டுப் புகையிலை நிறுவனம் வாங்கியது. சிகரெட்டுடன் வளர்ந்த தீக்குச்சிப் பேரரசு இவ்வாறு சிகரெட்டு நிறுவனங்களிடமே சென்று சேர்ந்தது.

கரிசல் பகுதித் தொழிலகங்களுக்கு இப்போது போட்டி இயந்திரத் தீக்குச்சியிடமிருந்து மட்டும் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த, பயன்படுத்தி எறியக்கூடிய சிகரெட்டு லைட்டர்கள் விற்பனையைக் குறைத்தன. மூலப்பொருள் விலையேற்றத்தால், ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டியின் விலை டிசம்பர் 1, 2021 முதல் இரண்டு ரூபாயாக உயர்த்தப்பட்டது. உற்பத்தியாளர்களின் கோரிக்கையை ஏற்று, 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட்டு லைட்டர்களின் இறக்குமதிக்கு நடுவண் அரசு 2023 சூனில் தடை விதித்தது. 1922 இல் நடந்ததைப் போலவே, தீக்குச்சியின் வாழ்வு மீண்டும் இறக்குமதி விதி ஒன்றைச் சார்ந்திருக்கிறது.

மதிப்பீடு

குரூகரை வெறும் மோசடிக்காரர் என்று கூறுவோரும், போருக்குப் பிந்திய ஐரோப்பாவின் மறுசீரமைப்புக்கு உதவிய நிதியாளர் என்று கூறுவோரும் உள்ளனர். இவரது தொழிலகங்களும் ஒப்பந்தங்களும் உண்மையானவை. அவற்றின் மேல் எழுப்பப்பட்ட கணக்குகளே பொய்யானவை. பத்துக்கும் மேற்பட்ட அரசுகள் இவருக்குத் தனியுரிமை தந்தன. தந்தவற்றுள் பெரும்பாலானவை கடனில் இருந்தவை. அவ்வாறு தராத இந்தியாவில், ஏழை மக்களின் மலிவான உழைப்பே இவரது நிறுவனத்தின் எதிர்ப்பட்ட தடையாக இருந்தது. எனவே இவரது வரலாற்றின் இந்தியப் பகுதி, ஒரு பெருநிறுவனத்தின் தோல்வியாக மட்டுமன்றி, அத்தோல்விக்குக் கரிசல் ஊர்களின் பெண்களும் குழந்தைகளும் கொடுத்த விலையாகவும் நினைவுகூரத்தக்கது.

சென்னைப் புறநகர்த் தொடர்வண்டி நிலையம் ஒன்றும், 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் ஒன்றும் விம்கோ நகர் என்ற பெயரைத் தாங்கியுள்ளன.